பெர்லினுக்கு யாருலே போனது?

ஏலே பேராண்டி, வந்து உக்காரு. கம்ப்யூட்டர் போர் விளையாட்டுக்கு நீ கட்டின சினாரியோவைப் பாத்துட்டேன். எப்படிப் பாத்தேன்னு முழிக்காதே. பாஸ்வேர்டா உன் பேரையே வச்சிருக்கே, நீ தூங்கின பெறகு எனக்கு வேற என்ன சோலி? ஜோரா இருக்குலே. 1941 ஜூன் 22-ல ஆரம்பிச்சு 1945 மே 9 வரைக்கும் போகுது. லெனின்கிராட்டுல இருந்து கருங்கடல் வரை ஒரே வரைபடம். படையெல்லாம் பட்டாலியன் கணக்குல நிக்கி. ஒரு டர்னுக்கு அரை நாள். அடேயப்பா!

ரஷ்யாக்காரங்க அந்தப் போரை 1,418 நாள்னு சொல்லுவாங்க. உன் கணக்குக்கு 2,836 டர்ன் ஆச்சு. சாயங்காலம் ஒரு டர்ன்னு நோம்பு மாதிரி விடாம ஆடினாலும் ஏழே முக்கால் வருஷம். ஹிட்லரும் ஸ்டாலினும் சேந்து நாலு வருஷத்துக்குள்ள முடிச்ச சோலியை நீ கிட்டத்தட்ட ரெண்டு பங்காக்கி வச்சிருக்கே. சாமர்த்தியசாலி.

உன்னைக் குறை சொல்லல. உனக்கு முன்னாடியே மகான்கள் இருந்திருக்காங்க. 1979-ல எஸ்பிஐங்கிற போர் விளையாட்டுக் கம்பெனிக்காக ரிச்சர்ட் பெர்க்னு ஒருத்தர் வட ஆப்பிரிக்கப் போரை அட்டையில விரிச்சாரு. பக்கத்துக்கு அஞ்சு பேரா பத்துப் பேரு உக்காரணும். முழுசா ஆட 1,500 மணி நேரம் ஆகும்னு சொல்லுவாங்க. இத்தாலிப் படைக்கு மட்டும் தண்ணி கூடுதலாக் குடுக்கணும், அவங்க பாஸ்தா அவிக்கணும்லா! தினம் ரெண்டு மணி நேரம்னு வச்சாலும் ரெண்டு வருஷம் தாண்டிரும். ஜெர்மன் தளபதி ரோமல் ஆப்பிரிக்காவுல இருந்ததே ரெண்டு வருஷமும் சில்லறை நாளும்தான். உன் சினாரியோவுல பாஸ்தாவைக் காணோமே, ஏன்லே விட்டே?

இன்னொண்ணு கேளு. லெனின்கிராடு முற்றுகை 872 நாள். உன் கணக்குல 1,744 டர்ன். அந்த மூலையில நிக்கிற ஜெர்மன்காரனுக்கு என்ன வேலை வச்சிருக்கே? பட்டனை அமுக்கணும், கொட்டாவி விடணும், மறுபடி அமுக்கணும். அந்தப் போரு ஒரே சீரா நடக்கவே இல்லலே. ஜெர்மன் தளபதி மான்ஸ்டைன் எல்லையைத் தாண்டின நாலே நாள்ல, ஜூன் 26-ல, ட்வின்ஸ்க் பாலத்துல போய் நின்னாரு, முன்னூறு கிலோமீட்டர். 28-ல மின்ஸ்க் விழுந்திட்டு. அந்த ஒரு வாரத்துக்கு அரை நாள் டர்ன் தகும். அதே அளவுகோலால நாலு வருஷத்தையும் அளந்தா எப்படி?

நீ எடுத்திருக்க கருவி நல்ல கருவி. நார்ம் கோகர் 1998-ல செஞ்ச ஆபரேஷனல் ஆர்ட் ஆஃப் வார். ஹெக்ஸுங்கிற அறுகோணக் கட்டம் 2.5 கி.மீ.யில இருந்து 50 கி.மீ. வரை, டர்ன் அரை நாள்ல இருந்து ஒரு வாரம் வரை, எது வேணுமோ வச்சுக்கோன்னு அந்த மனுசன் விட்டுட்டாரு. நீ ஹெக்ஸுக்கு 25 கி.மீ. வச்சு, டர்னுக்கு அரை நாள் வச்சிருக்கே. காலாள் ஒரு நாளைக்கு நடக்கதே 25, 30 கிலோமீட்டர்தான். ஒரு கட்டத்தைத் தாண்டவே அவனுக்கு ரெண்டு டர்ன். ஒரு டர்ன்ல கெளம்பணும், மறு டர்ன்ல போய்ச் சேரணும். கேரி கிரிக்ஸ்பி 2010-ல கொண்டுவந்த வார் இன் தி ஈஸ்டும் இதே போருதான், அதும் முழுப் போரு. ஆனா ஹெக்ஸுக்குப் பத்து மைல், டர்னுக்கு ஒரு வாரம். பெரிசு பண்ணுறதுல தப்பில்ல. கட்டமும் காலமும் ஒண்ணோட ஒண்ணு பேசணும்.

இதுல சிவிலைசேஷன் ஆட்டத்துக்காரன் கில்லாடி. ஐந்தாம் பாகத்துல சாதா வேகம் 500 டர்ன். கி.மு. 4000-ல ஒரு டர்னுக்கு 40 வருஷத்தைத் தாண்டுவான், கடைசியில அரை வருஷத்துக்கு ஒண்ணுன்னு இறங்கிருவான். 1,500 டர்னும் வச்சிருக்கான். ஆனா அதுக்கு மராத்தான்னு பேரெழுதி ஒட்டித்தான் விக்கான். உன் சினாரியோவுக்கு நீ வச்ச பேரு ‘விரைவுத் தாக்குதல்’!

உன் கூட்டாளிங்க எல்லாரும் ஜூன் 22-ஐ ஆடுவாங்க. ஸ்மோலென்ஸ்க் வரைக்கும் மெசேஜ் பறக்கும். அப்புறம் சகதி வரும், ஒருத்தனுக்குப் பரீட்சை வரும், இன்னொருத்தனுக்குப் பொண்ணு பாப்பாங்க. இப்படி ஆரம்பிச்சதுல பெர்லினுக்குப் போனவன் யாருலே?

சரி, கிண்டல் போதும். ஆட்டம் இழுக்குதுன்னா டர்ன் ஜாஸ்தின்னு மட்டும் அர்த்தமில்ல. டர்ன் போகுது, கையில எதுவும் குறையல, அதுதான் சீக்கு. நம்ம கண்மாய் நெறஞ்சு கெடக்கையில மடைப் பக்கம் யாராச்சும் எட்டிப் பாக்கானா? தண்ணி எறங்க எறங்கத்தான் ராத்திரி அரிவாளோட வாரான். 1994-ல வந்த பன்சர் ஜெனரல் ஆட்டத்துல டர்னுக்கு வரம்பு உண்டு. முன்கூட்டியே ஊரைப் பிடிச்சாப் பெரிய வெற்றி, இழுத்துப் பிடிச்சாச் சின்ன வெற்றி. அங்க குறையறது நாள். யூனிட்டி ஆஃப் கமாண்டு ஆட்டத்துல சப்ளைப் பாதையை அறுத்துட்டா, எம்மாம் பெரிய படையும் சுருங்கிப் போகும்.

நான் சொல்லுததைக் கேளு. நாலு வருஷத்தை வெட்டிப் போடு. 1942 நவம்பர் 19-ல ஆரம்பி. ரஷ்யன் ரெண்டு பக்கமும் உடைச்சுக்கிட்டு 23-ல கலாச் பக்கம் கைகோத்துருவான், ஜெர்மன் தளபதி பௌலஸ் ஸ்டாலின்கிராட்டுல மாட்டிக்கிடுவாரு. டர்னுக்கு ஒரு நாள், ஹெக்ஸுக்குப் பத்து கி.மீ. டிசம்பர் 24-ல ரஷ்ய டாங்கு தத்சின்ஸ்கயா விமானத்தளத்துக்குள்ள பூருது, அங்க முடி. 36 டர்ன். டர்னுக்கு அரை மணின்னா 18 மணி நேரம், ரெண்டு மூணு சனி ஞாயிறுல தீந்துரும்.

நடுவுல சண்டை ஓஞ்ச நாளும் இருக்கேன்னு கேப்பே. இருக்கட்டும். மாட்டிக்கிட்ட படைக்கு விமானத்துல சோறு போடுதேன்னு ஜெர்மன் விமானப்படைத் தலைவன் கோரிங் வாக்குக் குடுத்தான். நாளைக்கு 300 டன்னாவது வேணும், வந்தது சராசரியா அதுல பாதிகூட இல்ல. துப்பாக்கிச் சத்தமே இல்லாத டர்ன்லயும் பௌலஸை ஆடுறவன் நகத்தைக் கடிப்பான். இப்பவே உடைச்சுக்கிட்டு வெளிய ஓடணுமா, மான்ஸ்டைன் வருவாருன்னு காத்துக் கெடக்கணுமா? மான்ஸ்டைன் ஆளுக 50 கிலோமீட்டருக்குள்ள வந்துதான் நின்னு போனாங்க.

இதைச் செஞ்சு முடி, நாம ரெண்டு பேரும் ஒரே பக்கம் ஆடுவோம். மான்ஸ்டைன் எனக்கு, பௌலஸ் உனக்கு. டிசம்பர் 12 வரைக்கும் எனக்கு வேலை இல்ல. நான் திண்ணையில ஒரு தூக்கம் போட்டுட்டு வாரேன், நீ ரொட்டியை எண்ணிக்கிட்டு இரு.