தோலுரிபடலம்

தமிழாய்வுலகம் கண்டுகொள்ளாமல் விட்ட பொருள்களுள் தலையாயது, சொகுசுக் காரின் டேஷ்போர்டில் போர்த்திய தோல் உரிதல். சங்கப் புலவர்களைக் குறைசொல்ல முடியாது. அவர்கள் கண்டது தேர்தான். இன்றைய பேராசிரியர்கள் ஏன் வாளாவிருக்கிறார்கள் என்பதே கேள்வி. பல்கலைக்கழக வளாகத்தில் இவ்வகைக் கார்கள் அதிகம் நிற்பதில்லை என்பது காரணமாகலாம்.

மரபுப்படி முதற்பொருளில் தொடங்குவோம். நிலம், மரமில்லாத பக்கத்துத் தெருவோரம். பெரும்பொழுது கத்திரி, சிறுபொழுது நண்பகல். கருப்பொருள்களாவன: டபுள் டேப்பில் ஒட்டிய பிள்ளையார், காய்ந்த மல்லிகைச் சரம், பாதி வற்றிய ஜெல் பெர்ஃப்யூம் டப்பா, பழைய டோல்கேட் ரசீது. உரிப்பொருளை டேஷ்போர்டிலேயே கண்டுகொள்க.

இனி வரலாறு. டேஷ்போர்டு காரோடு பிறந்ததன்று. குதிரையின் குளம்பு வாரியடிக்கும் சேறு வண்டியோட்டி மேல் தெறிக்காதபடி முன்னால் நிறுத்திய தடுப்பே அது. அந்தத் தடுப்புக்கும் தோல் போர்த்துவதுண்டு. சேறு வாங்குவதற்கென்றே இருந்த ஒன்று, தூசு படிந்தாலே உரிமையாளர் முகம் சுண்டும் நிலைக்கு உயர்ந்துவிட்டது. குதிரைக்கு விடுதலை கிடைத்தது. மாட்டுக்கு இன்னும் கிடைக்கவில்லை. ரோல்ஸ்ராய்ஸ் போன்ற கார்களுக்குக் காளைத் தோலே எடுப்பார்கள். பசு சினைப்பட்டால் தோலில் வரி விழுந்துவிடுமாம். கொசுக்கடித் தழும்பும் முள்வேலிக் கீறலும் இல்லாததாகப் பொறுக்கி எடுப்பதாகவும் சொல்லிக்கொள்வார்கள். ஆக, கொசுவே கடித்திராத ஒரு குளிர்நாட்டுக் காளையின் தோல் கப்பலேறிச் சென்னைக்கு வருகிறது. 2003 மே 31 அன்று 45 டிகிரி அடித்த ஊர் இது.

உரிதலுக்குக் காரணம் புற ஊதாக் கதிர் என்பாருளர். அது பொருந்தாது. முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது. புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை அந்தத் தாளே தடுத்துவிடும். குற்றவாளி சூடுதான். அரிசோனாவின் டெம்ப்பி நகரில் கார்களைக் கோடை வெயிலில் நிறுத்தி அளந்த ஆய்வொன்று 2018இல் வெளியாயிற்று. ஒரு மணி நேரத்தில் டேஷ்போர்டின் சூடு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ். ஸ்டியரிங்கும் சீட்டும்கூட அவ்வளவு சுடவில்லை. நிழலில் நின்ற கார்களின் டேஷ்போர்டு 48 டிகிரி. இடைப்பட்ட 21 டிகிரியில்தான் நம் ஆய்வின் உயிர்நிலை இருக்கிறது.

அந்தச் சூட்டில் இரண்டு காரியங்கள் ஒருசேர நடக்கின்றன. தோல் தன் ஈரத்தை இழந்து சுருங்குகிறது. அடியிலிருக்கும் பசை இளகிப் பிடியை விடுகிறது. மேட்டில் ஒட்டிய தோல் சுருங்கினால் இன்னும் இறுகிக்கொள்ளும், கவலையில்லை. பள்ளத்தில் ஒட்டியதோ குறுக்கே நேராக இழுபட்டு அடித்தளத்தைவிட்டு எழும்பும். ஆகவே மீட்டருக்கு மேலுள்ள வளைவிலும், முன்கண்ணாடிக்குக் காற்றனுப்பும் துவாரத்தின் ஓரத்திலும்தான் முதல் உப்பல் தோன்றும். கட்டைவிரலால் அழுத்தினால் ‘சரக்’கென்று படியும், விரலை எடுத்ததும் மெதுவாக எழுந்துகொள்ளும். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் இப்படி அழுத்திப் பார்ப்பது நோயின் இரண்டாம் கட்டம். அது காருக்கு வந்ததன்று, ஓட்டுபவருக்கு.

யாம் நிறுவ வந்தது இது: தோல் உரிவதற்குக் காரணம் தோலன்று, பசையுமன்று, போர்டிகோ இல்லாமை. முதல் உரிமையாளரிடம் இருக்கும்வரை அந்தக் காருக்குப் பெரும்பாலும் இக்கதி நேர்வதில்லை. வீட்டில் போர்டிகோ, ஆபீசில் தரைத்தளத்துக்குக் கீழே பார்க்கிங், கல்யாண மண்டபத்தில் டிரைவர் தேடிப்பிடிக்கும் நிழல். பத்து வருடம் கழித்து அதே ஜெர்மன் கார் ஒரு புது மாருதியின் விலைக்குக் கைமாறும். ஆர்.சி.யில் பெயர் மாறும், இன்சூரன்ஸ் மாறும், ஸ்டெப்னியும் கூடவே வரும். போர்டிகோ மட்டும் பழைய முதலாளியிடமே தங்கிவிடும். புது உரிமையாளரின் அப்பார்ட்மென்ட்டில் அவருக்கு ஒதுக்கியது திறந்தவெளி. வேப்பமரத்தடியில் நிறுத்தலாமே எனின், காக்கை உண்டு. டேஷ்போர்டைக் காப்பாற்றப் போய் பானெட்டை இழந்தவர் பலர்.

மருத்துவத்துக்கு வருவோம். முதலில் பரபக்கம்.

ஊசி மதத்தார் சிரிஞ்சில் பசையேற்றி உப்பலுக்குள் செலுத்தி, மேலே டெலிபோன் டைரக்டரி வைத்து அழுத்துவர். (இம்மதம் நலிவதற்கு டைரக்டரி வழக்கொழிந்ததும் ஒரு காரணம்.) ஏற்கெனவே சுருங்கிய தோலைப் பசை நீட்டாது என்பதே இதற்கு மறுப்பு, ஓரிடத்தில் ஒட்டினால் பக்கத்தில் கிளம்பும். இவர்களுள் ஃபெவிக்விக் பிரிவினரோடு வாதமே வேண்டா. ஒட்டிய இடம் விறைத்து, சுற்றிலும் வெள்ளை பூத்து, விபூதி பூசிய டேஷ்போர்டாகவே அது காட்சி தரும்.

கம்பளத்தார் மாயாவாதிகள். உரிதல் என்று ஒன்றில்லை, காண்பான் கண்ணில் படுவதுதான் சிக்கல் என்று சொல்லி, அளவெடுத்துத் தைத்த வெல்வெட் விரிப்பால் மூடிவிடுவர். மலிவானது, பார்வைக்கும் குற்றமில்லை. ஆனால் அந்த விரிப்பு பயணியின் ஏர்பேக் மூடிமேல் கிடந்தால், பை வெடித்து விரியவேண்டிய நொடியில் அது தடையாகும். மாயை என்று மோதலைச் சொல்ல முடியாதே!

சுபக்கம் முழுக்கழற்றல். ஜி.பி. ரோட்டுக் குஷன் கடைக்காரர் உப்பலைத் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார். காருக்கு வெளியே நின்றபடியே சொல்வார்: “கழட்டாம செஞ்சா அடுத்த கத்திரி வரைக்கும் நிக்கும் சார். கழட்டிச் செஞ்சா கம்பெனி மாதிரி இருக்கும். ஆனா சவுண்டு வந்தா என்னைக் கேக்கக்கூடாது.” இதன் கடைசி வாக்கியத்துக்கு உரை பின்னர்.

பாட்டரி ஒயரைக் கழற்றிச் சற்றுப் பொறுத்த பிறகே ஏர்பேக்கைத் தொடவேண்டும். அதன் சுற்றில் தங்கிய மின்சாரம் வடியட்டும். பிறகு ஸ்டியரிங், ஏசி துவாரங்கள், எண்ணற்ற கிளிப்புகள். வெளியே எடுத்த டேஷ்போர்டிலிருந்து பழைய தோலை உரித்து, தையலைப் பிரித்து, துண்டு துண்டாகத் தரையில் விரிப்பார்கள். புதுத் தோல் வெட்ட அதுவே அச்சு. எந்தத் தோல் என்பதில் கவனம் வேண்டும். பெரியமேட்டில் கிடைப்பதெல்லாம் தோல்தான். ஆனால் சோபாவுக்கான தடித்த தோல் பள்ளத்தில் படியாது. ஏறக்குறைய 1 மில்லிமீட்டராகச் சீவியது வேண்டும். குரோமியத்தில் பதனிட்ட தோல் கொதிநீரையே தாங்குமே எனின், தாங்கும். ஆனால் உலர்ந்த சூட்டில் சுருங்குவதிலும் அது முன்னிற்கும். அதனால்தான் டேஷ்போர்டுக்குக் குரோமியமில்லாத் தோலைத் தேடுகிறார்கள். 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருப்பது அடையாற்றில். அதன் வாசலைக் கடந்துபோகும் எத்தனை சொகுசுக் கார்களில் உப்பல் இருக்கும் என்பது தனி ஆய்வுக்குரியது.

பழைய பசையைச் சுரண்டித் தேய்த்து, தோலின் அடியிலும் பலகையின் மேலும் சொல்யூஷன் பூசி, விரல் வைத்தால் பிசுபிசுக்கும், ஆனால் கையோடு வராது என்ற பதத்துக்குக் காத்திருக்கவேண்டும். அவசரப்படுபவர்கள் தோற்கும் இடம் இதுதான். பின் நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஹீட் கன்னால் இளக்கியபடி உள்ளங்கையால் பள்ளத்தில் இழைக்கவேண்டும்.

ஏர்பேக் மூடிக்கு மேல் வரும் தையல் மட்டும் தனிநெறி. பை விரியும்போது அந்த இடம் உடனே கிழிந்து வழிவிட வேண்டுமாகையால் கம்பெனியில் அங்கே வேண்டுமென்றே பலவீனமாக்கியிருப்பார்கள். எனவே, “அந்த இடத்துல டபுள் தையல் போட்டு ஸ்ட்ராங்கா பண்ணிட்டேன் சார்” என்று கடைக்காரர் பெருமையோடு சொன்னால், பாராட்டாமல் பிரிக்கச் சொல்க. தமிழ்நாட்டில் தையற்காரரிடம் “லேசாத் தைங்க” என்று கெஞ்சவேண்டிய சந்தர்ப்பம் வேறில்லை.

எஞ்சியது அந்த உரை. சவுண்டு என்பது, டேஷ்போர்டைத் திரும்ப மாட்டிய பிறகு ஏதோ ஒரு கிளிப் சரியாக உட்காராமல், ஸ்பீட் பிரேக்கர்தோறும் ‘கிர்க்’ என்று எழுவது. மாட்டி முடித்ததும் ஒரு கிண்ணத்தில் இரண்டு ஸ்குரூ மிஞ்சும் நிகழ்வோடு இதற்குத் தொடர்புண்டு என்பது பொதுக்கருத்து. கடைக்காரர் மறுக்கிறார். பணத்தை எண்ணி வாங்கியபின் அவர் பார்வை மேலே போகிறது. “கூரைத் துணியும் தொங்குதே சார், கவனிச்சீங்களா? உள்ள ஸ்பாஞ்சு சூட்டுல பொடியாயிடுச்சு. அடுத்த வாரம் கொண்டாங்க.”

கூரைப்படலம் தனியே எழுதப்படும்.