நெட்டி முறியாத பிள்ளை

மனிதக் கையில் 27 என்புகள். மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. ஹட்டன் பக்கம் உயிரியல் படிப்பிக்கும் நான் வருடம் தவறாமல் இதைக் கரும்பலகையில் வரைகிறேன். அந்த 27ஐயும் வைத்துக்கொண்டு உருப்படியாக ஒரு வேலை செய்ய எனக்கு வராது என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

முதல் அவமானம் அம்மாயி கையால் வந்தது. தீபாவளிக்குப் புதுச்சட்டை போட்டு நின்றால், முகத்தை வழித்து, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை வைத்து அழுத்துவார். அண்ணனுக்குப் படபடவென்று முறியும். "ஊர்க்கண்ணு பூரா இவன்மேலதான்!" அடுத்தது நான். ஒரு விரல்கூட வாய் திறக்காது. "இவனுக்குக் கண்ணே படல" என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டுப் பலகாரச் சட்டியைப் பார்க்கப் போய்விடுவார். என்னைப் பார்த்துப் பொறாமைப்பட ஊரில் ஒரு ஆள் இல்லை என்ற செய்தியோடு பண்டிகை விடியும்.

மூட்டு சற்று விலகும்போது உள்ளிருக்கும் வழுவழுப்பான பாய்மத்தில் அழுத்தம் குறைந்து வாயுக் குமிழ் தோன்றுகிறது, சத்தம் அதனால்தான். முறிந்த மூட்டு மறுபடி முறிய ஏறத்தாழ 20 நிமிடம் வேண்டும் என்று பின்னாளில் படித்தேன். அப்படியானால் தப்பு என்மீதில்லை, வரிசைமீது! அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்ப இருவது நிமிசம் கழிச்சி வந்திருக்க வேண்டியதுதானே?" என்றான்.

அந்தக் காழ்ப்போ என்னவோ, வகுப்பில் யாராவது நெட்டி முறித்தால் "மூட்டுவாதம் வரும்" என்று அதட்டுவேன். ஒருநாள் பின்வரிசைப் பையன் எழுந்து டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க வைத்தியரின் கதையைச் சொன்னான். 60 வருடத்துக்கு மேல் இடது கையில் மட்டும் நெட்டி முறித்துவந்தவர். இரண்டு கைக்கும் வித்தியாசம் இல்லை என்று எழுதி, 2009இல் இக் நோபல் பரிசும் வாங்கினார். எனக்குப் பதில் வரவில்லை. எங்கே படித்தாய் என்று கேட்டேன். போனில் என்றான். பாடசாலைக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்ற விதி அன்றைக்கு எனக்குச் சரியான சமயத்தில் கைகொடுத்தது.

இதெல்லாம் சில்லறை. பெரிய தோல்வி தேயிலை மலையில்.

ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தபோது கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போனேன். இரண்டு இலை, ஒரு மொட்டு. இதில் என்ன வித்தை இருக்கிறது என்ற நினைப்பு. நகத்தால் கிள்ளினேன், காம்பு நசுங்கியது. இழுத்தேன், முத்தல் இலையும் சேர்ந்து வந்தது. பக்கத்து நிரையில் அம்மாவின் கையைப் பார்த்தேன். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் ஒடிக்கின்றன; ஒடித்தது உள்ளங்கைக்குள் நழுவுகிறது; மற்ற மூன்று விரல்களும் அதை அணைத்துப் பிடிக்கின்றன, கசக்காமல். கை நிறைந்ததும் தோளுக்கு மேலே ஒரு வீச்சு. கூடையை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கோ இரண்டு விரல் ஒடிக்கப் போனால் மூன்று விரலும் விரிந்து, எடுத்ததெல்லாம் செடியடியில். இறுக்கிப் பிடித்தாலோ கொழுந்து கசங்கிக் கறுத்தது. நிறுக்கும்போது கங்காணி கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, தேத்தூள இங்கேயே செஞ்சிட்டீங்களா?" என்றார்.

விரல் நுனியை மடக்கும் ஆழத் தசையில் ஆட்காட்டி விரலுக்கென்று பெரும்பாலும் தனிப் பங்கு உண்டு. நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் ஒரே தசைத்திரளில் கூட்டுக்குடும்பம். மூன்றும் மடங்கிக் கிடக்க, ஒன்று மட்டும் தனியே வேலை பார்க்க வழி இருக்கிறது. அந்த அமைப்பு என் கையிலும் இருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அம்மாவின் கதை வேறு. பல தோட்டங்களில் ஒரு நாளைக்கு 18 கிலோ என்று கணக்கு, குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். அந்தி நேரம் வந்து "கை விட்டுப்போச்சுப்பா" என்று உட்காருவார். நான் பொறுப்பான பிள்ளை. தைலத்தை எடுத்துக்கொண்டு விரல் விரலாக, மூட்டு மூட்டாக நீவிவிடுவேன். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த அந்த வெடிப்புகளில் தைலம் எரியும், கையை இழுத்துக்கொள்வார். பல்கலைக்கழகத்தில் படிக்கப் போன பிறகுதான் புரிந்தது. விரலை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் விரலிலேயே இல்லை. அவை இருப்பது முழங்கைக்குக் கீழே, முன்கையில். அங்கிருந்து நீண்ட நாண்கள்தான் மணிக்கட்டு வழியாக விரலுக்கு வருகின்றன.

லீவுக்கு வந்ததும் வராததுமாக அம்மாவின் முன்கையைப் பிடித்து, "நோவு இங்கதாம்மா இருக்கு" என்று விளக்கப்படுத்தினேன். நாண், தசை, என்பு எல்லாம் சொன்னேன். அம்மா முழுவதையும் கேட்டார்.

"அங்கதான் வலிக்குதுன்னு எத்தன வருசமா சொல்றேன். நீதான் வெரல உடமாட்டேன்னு புடிச்சிக்கிட்டு இருந்த."