ரெட் ஆறும் செவிலியர் அறிவும்: ஓர் ஆராய்ச்சி

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் புதிதாக உரிமம் பெற்ற செவிலியர் அடுத்த மாநிலத்துக்குக் குடிபோகும்போது, அவர் தலைக்குள் இருக்கும் அறிவுக்கு என்ன நேர்கிறது என்பதை ஆராய்தல் நுதலிற்று. மூளை மருத்துவர்கள் கவனிக்காமல் விட்ட துறை இது. ஆகவே நாம் எடுத்துக்கொண்டோம்.

ஆய்வுக்களமாக வட டகோட்டாவின் ஃபார்கோ நகரையும் மின்னசோட்டாவின் மூர்ஹெட் நகரையும் கொண்டோம். இரண்டுக்கும் நடுவே ரெட் ஆறு ஓடுகிறது. பாலத்தின் மேல் நடந்தே கடந்துவிடலாம். இக்கரையில் அடிக்கும் பனிக்காற்றுதான் அக்கரையிலும் அடிக்கிறது. வருகிற சளியும் சர்க்கரையும் இரு கரைக்கும் பொது. ஆனால் ஃபார்கோவில் நேற்று ஆர்.என். (பதிவு பெற்ற செவிலியர்) ஆன ஒருவர் பாலத்தின் பாதியைத் தாண்டியதும் இன்சுலின் ஊசி போடும் தகுதியை இழந்துவிடுகிறார். மறந்துபோன பையை எடுக்கத் திரும்பி வந்தால் தகுதியும் திரும்பி வந்துவிடுகிறது. இந்த நிகழ்வைத் தொகுத்து நாம் இயற்றிய நூற்பா பின்வருமாறு:

எல்லை கடப்புழிச் செவிலிக்கு அறிவுகெடும்;
தாள்வந்து சேர மீளும் என்ப.

உரை: மாநில எல்லையைத் தாண்டும் செவிலியரின் அறிவு ஆவியாகிவிடும், உரிய காகிதங்கள் புது மாநிலத்து நர்சிங் வாரியத்துக்கு வந்து சேர்ந்த பின் மீண்டும் உறையும். 'என்ப' என்றதனால் இதைச் சொல்பவை வாரியங்களே, நாம் அல்லோம் என்று கொள்க.

மாநிலத்துக்கு மாநிலம் பாடமும் தேர்வும் வேறாக இருக்கும், அதனால்தான் இப்படி என்பாரும் உளர். அது பொருந்தாது. ஐம்பது மாநிலங்களுக்கும் தேர்வு ஒன்றுதான்: என்கிளெக்ஸ். 1994 முதல் கணினியில் நடக்கிறது. ஆளுக்குத் தக்கபடி கேள்வியை ஏற்றி இறக்கி, குறைந்தது 85, கூடினால் 150 கேள்வி கேட்டு, 'இவர் தேறுவார்' அல்லது 'தேறமாட்டார்' என்று 95 விழுக்காடு உறுதி வந்ததும் நிறுத்திக்கொள்கிற இயந்திரம் அது. தேர்ச்சிக்கோடும் எல்லா மாநிலத்துக்கும் ஒன்றே. கனடாவின் பெரும்பாலான மாகாணங்களும் 2015 முதல் இதே தேர்வை ஏற்றுக்கொண்டன. சென்னையில் உட்கார்ந்தும் இதை எழுதலாம். இங்கேதான் நம் ஆய்வின் முதல் புதிர் முளைக்கிறது: சென்னையில் காட்டிய அறிவு இரண்டு பெருங்கடலைக் கடந்து ஃபார்கோ போய்ச் சேருகிறது, அங்கிருந்து மூர்ஹெட்டுக்கு ஒரு பாலத்தைக் கடக்க முடியாமல் நின்றுவிடுகிறது. உப்புநீரில் கெடாத அறிவு ஆற்றுநீரில் கெடுவானேன்?

விடை காண வரலாற்றுக்குள் போக வேண்டும். உலகிலேயே முதன்முதலாக அரசுப் பதிவேட்டில் ஏறிய செவிலியர் நியூசிலாந்தின் எல்லன் டொஹர்ட்டி, ஆண்டு 1902. அது நாடு முழுமைக்கும் ஒரே பதிவேடு. மறு ஆண்டே அமெரிக்காவில் வட கரோலினா சட்டம் போட்டது. நியூயார்க், நியூஜெர்சி, வர்ஜீனியா ஆகியவையும் அதே 1903இல் தொடர்ந்தன. 1923க்குள் அன்றிருந்த 48 மாநிலங்களிலும் தனித்தனிச் சட்டம் வந்துவிட்டது. தொழில் உரிமம் மாநிலத்தின் அதிகாரம் என்பதை 1889லேயே உச்ச நீதிமன்றம், மேற்கு வர்ஜீனியாவின் மருத்துவர் ஒருவர் தொடுத்த வழக்கில், ஏற்றுக்கொண்டிருந்தது. அக்காலத்தில் இதில் நியாயமும் இருந்தது. ஒரு மாநிலத்தில் மூன்றாண்டு படிப்பு, இன்னொன்றில் கண்துடைப்பு என்று இருந்தால், வந்தவரை நிறுத்தி விசாரிக்கத்தானே வேண்டும்?

ஆனால் 1944இல் மாநிலங்கள் கூடிப் பொதுத் தேர்வு ஒன்றைத் தொடங்கின. 1982இல் அது என்கிளெக்ஸ் ஆயிற்று. தேர்வு ஒன்றான பிறகும் வாசல்கள் ஒன்றாகவில்லை. காரணம் செத்து எண்பது ஆண்டு ஆகிறது. காரியம் மட்டும் வருடாவருடம் குறைவில்லாமல் நடக்கிறது.

இனி அறிவு மீளும் முறை. இதற்கு எண்டார்ஸ்மெண்ட் என்று பெயர். தேர்வை மறுபடி எழுத வேண்டாம். எழுதியதை மறுபடி நிரூபிக்க வேண்டும். பழைய மாநிலம் 'ஆம், இவர் எங்களவர்தான், புகார் ஏதும் இல்லை' என்று புது மாநிலத்துக்குச் சொல்ல வேண்டும். பெரும்பாலான மாநிலங்கள் இதை நர்சிஸ் என்ற கணினித் தொகுப்பு வழியே சொல்கின்றன. அந்த ஒரு வாக்கியத்துக்குக் கட்டணம் 30 டாலர். படித்த கல்லூரி மதிப்பெண் பட்டியலை நேராக வாரியத்துக்கே அனுப்ப வேண்டும் என்று கேட்கும் மாநிலங்களும் உண்டு. செவிலியர் கைப்பட்டால் அந்தத் தாள் தீட்டாகிவிடும் போலும். நோயாளியின் மார்ஃபின் சாவியைச் செவிலியரிடம் நம்பிக் கொடுக்கலாம், அவருடைய சொந்த மதிப்பெண் பட்டியலைக் கொடுக்கக் கூடாது!

அடுத்தது ரேகை. குற்றப் பின்னணி பார்க்க எஃப்.பி.ஐ.க்கு விரல்ரேகை போக வேண்டும். நாள் முழுதும் சோப்பும் கிருமிநாசினியும் போட்டுக் கை கழுவுகிறவர்களுக்கு ரேகை தேய்ந்துபோயிருப்பதுண்டு; இயந்திரம் படிக்க மறுத்துவிடும். வாரியம் எதை ஒழுக்கம் என்று வற்புறுத்துகிறதோ அதைக் கடைப்பிடித்தவரே வாரியத்தின் முன் ஆளடையாளம் இல்லாதவர் ஆகிறார். இரண்டு முறை ரேகை திரும்பி வந்தால் பெயரை வைத்துத் தேட வழி உண்டு. அதுவரை சம்பளத்துக்கு வழி இல்லை.

மாநிலவாரியான விசேஷங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். டெக்ஸஸ், தன் செவிலியர் சட்டத்தைப் பற்றித் தனித் தேர்வு ஒன்று வைக்கிறது. மிச்சிகன் ஆள்கடத்தலைக் கண்டறியும் பயிற்சி கேட்கிறது. நியூயார்க்கில் செவிலியர் உரிமம் தருவது சுகாதாரத் துறை அல்ல, கல்வித் துறை. அது குழந்தைக் கொடுமையைக் கண்டறிவதிலும் தொற்றுத் தடுப்பிலும் பயிற்சி கேட்கிறது. இவை கெட்ட பாடங்கள் அல்ல. மிச்சிகனில் கடத்தப்படும் பெண்ணை அடுத்த மாநிலத்துச் செவிலியரும் அடையாளம் கண்டால் நன்றாயிருக்கும் என்பது மட்டுமே நம் சிறு வருத்தம். சில மாநிலங்கள் விண்ணப்பம் முடியும்வரை தற்காலிக அனுமதி தருகின்றன. இதை 'தவணை அறிவு' எனக் குறியீடு செய்கிறோம்.

ஆவியாதலைத் தடுக்கும் மருந்தும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. 2000இல் தொடங்கி 2018இல் புதுப்பிக்கப்பட்ட காம்பாக்ட் என்ற ஒப்பந்தம் அது. சேர்ந்த மாநிலங்கள் நாற்பதைத் தாண்டிவிட்டன. அவற்றுக்குள் ஒரே உரிமம் எங்கும் செல்லும். கான்சாஸுக்கும் மிசூரிக்கும் நடுவே ஒரு சாலையே எல்லையாக ஓடுகிறது. இரண்டுமே ஒப்பந்தத்தில் இருப்பதால், அந்தச் சாலையைக் குறுக்கே கடக்கும் செவிலியருக்கு மூளையில் ஒன்றும் ஆவதில்லை. வட டகோட்டாவும் ஒப்பந்தத்தில் உண்டு, மின்னசோட்டா இல்லை. கலிஃபோர்னியா, நியூயார்க், இல்லினாய், ஆரிகன் ஆகியவையும் இல்லை. எனவே ஆவியாவது அறிவின் இயல்பால் அன்று, சட்டசபையின் இயல்பால் என்பது பெறப்படும்.

ஒப்பந்தத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. எங்கும் செல்லும் உரிமம் நிரந்தர வீடு எந்த மாநிலமோ அங்கேதான் கிடைக்கும். வீட்டுக்குச் சாட்சி ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு, வருமானவரிக் கணக்கு. ஓர் ஒப்பந்த மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்கு வீடு மாறினால் 60 நாளுக்குள் புது மாநிலத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது 2024 ஜனவரி முதல் விதி. இதயத் துடிப்பை எண்ணும் தகுதி கார் ஓட்டும் அட்டையில் உள்ள முகவரியைப் பொறுத்தது என்பதை உடற்கூற்று நூல்கள் இனியாவது சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நம் கோட்பாட்டுக்குப் பெரும் சோதனை 2020இல் நடந்தது. கொரோனா பெருகியதும் ஆளுநர்கள் ஒவ்வொருவராக அவசர ஆணை போட்டு, பிற மாநில உரிமத்தோடு வந்தவர்களை அப்படியே வேலைக்கு விட்டார்கள். ஒப்பந்தத்தில் சேராத நியூயார்க்கே அந்த மார்ச் மாதத்தில் கதவைத் திறந்தது. பிணவண்டி வாசலில் நிற்கும்போது முப்பது டாலர் வாக்கியத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை. வந்தவர்களுக்கு வென்டிலேட்டர் தெரிந்திருந்தது. நுரையீரலும் தன் வழக்கமான இடத்திலேயே இருந்தது. பிறகு ஆணைகள் காலாவதியாயின. அறிவும் பழையபடி ஆவியாகத் தொடங்கிற்று.

எதிர்வாதம் ஒன்றைச் சிரித்து ஒதுக்க முடியாது. கெட்ட ஆள் ஒரு மாநிலத்தில் மாட்டிக்கொண்டு அடுத்ததற்கு ஓடினால்? நியூஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் செவிலியராக இருந்து 29 கொலைகளை ஒப்புக்கொண்ட சார்ல்ஸ் கல்லன் இதற்குச் சான்றாகச் சொல்லப்படுவார். ஆனால் அவர் கையில் இரு மாநிலத்து உரிமமும் முறைப்படி இருந்தது. எல்லைச் சுவர் அவரைத் தடுக்கவில்லை. சந்தேகப்பட்ட மருத்துவமனைகள் வெளியே சொல்லியிருந்தால் அது தடுத்திருக்கும். தகவல் ஓட வேண்டிய இடத்தில் ஆளை நிறுத்தி வைப்பது காவல் ஆகாது என்பதே நம் முடிபு.

நம்மூரில் இருந்து சிரிப்பவர்கள் சற்று பொறுக்க. 1926ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்தில் பிறந்த தமிழ்நாட்டுச் செவிலியர் கவுன்சிலில் பதிந்துகொண்டவர், பெங்களூர் வேலைக்குப் போனால் தடையில்லாச் சான்றோடு கர்நாடகக் கவுன்சிலின் வாசலில் நிற்கத்தான் வேண்டும். ஒசூர் தாண்டியதும் என்ன ஆகிறது என்பது தனி ஆராய்ச்சி.

அமெரிக்காவில் இந்த ஆண்டு படித்து முடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என்கிளெக்ஸை எந்த ஊரில் எழுதினாலும் ஒன்றுதான். விண்ணப்பம் எந்த வாரியத்துக்குப் போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வேலை பார்க்கப்போகும் மாநிலம் தெரிந்திருந்தால் முதல் விண்ணப்பத்தையே அங்கே போடுங்கள். ஏற்கெனவே வேறிடத்தில் உரிமம் வாங்கிவிட்டீர்கள் என்றால், புது ஊரில் வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சரிபார்ப்புக்கும் ரேகைக்கும் பணம் கட்டிவிடுங்கள்.