பட்டா இல்லாத ஒண்ணே முக்கால் சென்ட்

வாய்யா மாப்ள, உக்காரு. டவுன்ல ரெண்டு சென்ட் இடம் வாங்கிட்டியாமே? எங்கக்கா காலையிலேர்ந்து தெருத் தெருவாச் சொல்லிக்கிட்டுத் திரியுது. பேங்குக் கடன், பத்திரச் செலவு, கல்லு நட்ட கூலின்னு நீயும் இளைச்சுப் போயிட்ட. இதுல நாளைக்கு ஒரு பாக்கெட் வேற ஊதுறியாம்.

ஊது, நல்லா ஊது. உன் சொத்து, நீ அழிக்கிற.

எந்தச் சொத்தா? உன் நெஞ்சுக்குள்ள ஒண்ணே முக்கால் சென்ட் கெடக்கே, அது.

பேத்தி பதினொண்ணாவது படிக்குது. ராத்திரி விலங்கியலைச் சத்தம் போட்டுப் படிக்கும். எனக்கும் தூக்கம் கெடையாது, படுத்தபடியே கணக்குப் போடுவேன். நுரையீரலோட உள்பரப்பு சுமாரா 70 சதுர மீட்டராம். சென்ட்டுக்கு 40 சதுர மீட்டர், நீயே வகுத்துக்க. அது வெறும் பலூனா மட்டும் இருந்திருந்தா, விரிச்ச பேப்பர்ல பாதிகூடத் தேறாது. உள்ளுக்குள்ள 48 கோடி அறை தடுத்து வச்சிருக்கான்யா! ஒவ்வொண்ணும் கடுகைவிடச் சின்னது. செவுரு பேப்பர் தாளோட கனத்துல நூத்துல ஒரு பங்கு. அந்தப் பக்கம் ரத்தம், இந்தப் பக்கம் காத்து.

நீ ஊத ஊத அந்தச் செவுரு இடியும். பத்து ரூம் ஒரே ஹாலாயிரும். பாக்க விசாலமாத்தான் இருக்கும். செவுரு போனா பரப்பும் போச்சு. மாடியேறுனா மூச்சு வாங்கும். எம்ஃபிசீமான்னு டாக்டர் பேரு வைப்பாரு. இடிஞ்ச செவுத்தைத் திரும்பக் கட்ட எந்தக் கொத்தனாரும் கெடையாது.

அடடா, காப்பியைக் கொட்டிட்டியே! உன் வேட்டியால தொடைக்காத, திண்ணை முழுக்க இழுவித்தான் விடும். இந்தா, தேங்காப்பூத் துண்டு. பாத்தியா, ஒத்து எடுத்திருச்சு. இந்த நூல் கண்ணி மாதிரித்தான் உன் சிறுகுடல் உள்பக்கமும், குடலுறிஞ்சின்னு பேரு. கோதுமைச் சத்து ஒத்துக்காத வியாதி சிலருக்கு உண்டு. அவங்களுக்கு அது தேஞ்சு மழுங்கிப் போகும். வயிறு நெறையத் தின்னாலும் ஒடம்புல ஒட்டாது. உனக்கு அந்தக் குறை இல்லைங்கிறது தொப்பையிலயே தெரியுது.

குடல்ல ஒரு டென்னிஸ் மைதானமே இருக்குன்னுதான் ரொம்ப நாளா எழுதி வச்சிருந்தாங்க. ஆறு சென்ட்டுக்கு மேல! 2014ல ஸ்வீடன்காரங்க ரெண்டு பேரு மறுபடி அளந்து, வாயிலேர்ந்து கடைசி வரைக்கும் மொத்தமே 32 சதுர மீட்டர்தான்னுட்டாங்க. முக்கால் சென்ட்டு. சர்வேயர் வந்து எவன் நெலம் கூடியிருக்கு?

அந்த முக்கால் சென்ட்டுலதான் நேத்து ஆறு பரோட்டாவை இறக்குன. மெல்லவாவது செஞ்சியா? அச்சு வெல்லத்தை முழுசாப் போட்டா எப்பக் கரையும், தட்டிப் போட்டா எப்பக் கரையும்? பல்லு அதுக்குத்தான்யா இருக்கு. எனக்கு ஏழுதான் மிச்சம், உன்னைவிட நல்லா மெல்லுறேன்.

என்ன, எந்திரிச்சுட்ட? கொல்லைப் பக்கமா? சரி சரி, போயிட்டு வா. அந்தத் தீப்பெட்டியை மட்டும் வச்சுட்டுப் போ, வெந்நீர் அடுப்பு பத்த வைக்கணும்.