ஆட்டமும் பட்டமும்

வீட்டில் வீடியோ கேம் விளையாடினால் திட்டு. அதையே பல்கலைக்கழகத்தில் படித்தால் பட்டமாமே?
– ஒரு வாசகர், சாத்தான்குளம்

பட்டம் விளையாடுபவருக்கு அல்ல, விளையாட வைப்பவருக்கு! தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூரு வளாகத்தில் வீடியோ கேம் வடிவமைப்பு முதுநிலைப் படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. மூன்று புலிகளுக்கு எதிராகப் பதினைந்து ஆடுகளை நிறுத்தி, வலிமைக்கு எண்ணிக்கையை ஈடாக்கிய ஆடுபுலி ஆட்டத்தில், இரு தரப்புக்கும் வெல்லும் வாய்ப்பைப் பங்கிடும் அருமையான நுட்பம் ஒன்று உள்ளது. 'சமநிலையாக்கம்' எனப்படும் அதுவே இன்று இத்துறையின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று.

தமிழர் அடுக்களையும் வீடியோ கேம் ஆகியிருக்கிறது: கனடாவில் குடியேறிய தமிழ்த் தாய் ஒருத்தி, சிதைந்த சமையல் குறிப்பேட்டின் விடுபட்ட வரிகளை ஊகித்து இட்லி அவிப்பதையே ஆட்டமாக்கிய 'வெண்பா', டொராண்டோவின் விசை கேம்ஸ் நிறுவனத்தின் முதற்படைப்பாக 2023இல் வெளிவந்து, மறு ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றது.