எந்த மணி?

ஈப்போ, குனோங் ராபாட்டில் கோப்பிக் கடைக்குக் கடை இப்படி ஓர் அண்ணன் இருப்பார். அவரிடம் மட்டும் "மணி வீடு எங்கே?" என்று கேட்டுவிடக் கூடாது. தே தாரேக்கை மேசையில் வைப்பார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். "எந்த மணி?" என்பார். அதற்குப் பிறகு உங்கள் காலைப்பொழுது அவருடையது.

"லோரி மணியா? கிராணி மவன் மணியா? கோயில்ல மேளம் அடிப்பானே, குட்ட மணி, அவனா?"

முழித்தால் அவருக்குக் கொண்டாட்டம். "அவங்கப்பா பேரு?"

ராஜு என்கிறீர்கள். தொலைந்தது. நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? தன் பெயர், நடுவில் ஒரு ஏ/எல், பின்னால் அப்பா பெயர். மூத்தவனுக்குத் தாத்தா பெயர் என்கிற வழக்கமும் சேர்ந்துகொண்டால், மணி ஏ/எல் ராஜுவின் பிள்ளை ராஜு ஏ/எல் மணி. அவன் பிள்ளை மறுபடியும் மணி ஏ/எல் ராஜு. தாத்தாவும் பேரனும் எழுத்துப் பிசகாமல் ஒரே பெயர். இதற்காகத்தானோ என்னவோ, ஐசியில் 12 இலக்கம் இருக்கிறது. முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் (பேராக்கில் பிறந்தவனுக்கு 08), கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண். அண்ணன் இதையெல்லாம் சட்டை செய்வதில்லை. "நம்பர வச்சு ஆளத் தேடுறது போலீஸ்காரன் வேல. எந்தத் தோட்டம், எத்தனாவது லயம், அதச் சொல்லு."

ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய்த் தாமான் வந்தாயிற்று. அண்ணன் கணக்கில் மட்டும் லயத்தில் இன்னும் ஆள் குடியிருக்கிறது, வாடகை பாக்கியோடு.

ஊரையும் விடமாட்டார். அம்பாங்கில் கல்யாணம் என்று பத்திரிகை நீட்டினால், "எந்த அம்பாங்?" கேள்வி நியாயம்தான். குனோங் ராபாட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அம்பாங். சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, கோலாலம்பூரை ஒட்டி இன்னொன்று. கிளேபாங் ஈப்போவிலும் உண்டு, மலாக்காவிலும் உண்டு. லஹாட்டுக்கு ஒரு ஜோடி சுமத்ராவில். வெறும் குனோங் என்றாலோ, ராபாட்டா, கல்லுமலை முருகன் இருக்கும் சீரோவா, லாங்கா? வேஸை நம்பிப் போகிறவன் எவனோ ஒரு மணியின் கல்யாணத்தில் மொய் எழுதிவிட்டுத்தான் வருவான் என்பது அவர் வாக்கு.

துக்கச் செய்தி வந்தால்தான் அண்ணனின் முறை முழுசாகத் தெரியும். "மணி தவறிட்டானாம்" என்று யாராவது சொன்னால், அவர் முதலில் போன் போடுவது மணிக்குத்தான். எடுத்துவிட்டால், "ஒண்ணுமில்லடா, சும்மாத்தான்" என்று வைத்துவிட்டு அடுத்த மணிக்குப் போடுவார். போன தடவை குட்ட மணி எடுத்த எடுப்பிலேயே சொன்னானாம்:

"நான் இல்லண்ணே. லோரி மணிக்கு அடிச்சுப் பாருங்க."