ஹார்டு டிஸ்க் மாற்றுவோர் சார்பில் ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
கேபிள், செருகி, கோப்பு முறை ஆகியவற்றை அவ்வப்போது மாற்றியருளும் மாண்புமிகு தரநிர்ணயக் குழுக்களும் கணினி நிறுவனங்களும்.

பொருள்: பழைய கணினியிலிருந்து கோப்புகள் இடமாறுதல் – தடையில்லாச் சான்று கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரியீர்,

பழைய கணினியின் ஹார்டு டிஸ்க் 'டக் டக்' என்று தட்டத் தொடங்கினால், கல்யாணப் போட்டோக்களையும் கடைக் கணக்கையும் உடனே வேறு டிஸ்குக்குக் குடியேற்றியாக வேண்டும். அந்தப் பயணத்துக்கு வழிநெடுகத் தாங்கள் அமைத்துள்ள சோதனைச் சாவடிகளைப் பாராட்டவே இக்கடிதம்.

முதல் சாவடி கேபிள். ஐடிஇ டிஸ்குக்கு 40 ஊசி. லேப்டாப் என்றால் 44. 2003இல் சாட்டா வந்தது: தகவலுக்கு 7 முனை, மின்சாரத்துக்கு 15. நாடா கேபிள் மெலிந்ததில் பெட்டிக்குள் காற்றோட்டம் கூடியது, மறுக்கவில்லை. ஆனால் பழையதில் புதியது நுழையாது. சென்னை ரிச்சி தெருவில் அடாப்டர் விற்பவர்களின் பிழைப்புக்கு வழிசெய்த புண்ணியம் தங்களையே சேரும். ஐடிஇயில் ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டினால், எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்பதை நகக்கண் அளவு ஜம்பரைப் பிடுங்கிச் செருகி நாங்கள் தீர்மானிக்க வேண்டும். இரண்டையும் மாஸ்டர் ஆக்கினால் வேலை நடக்காது. இது நம் அரசியல் கட்சிகளுக்கும் தெரிந்த உண்மைதான்.

அடுத்தது கொள்ளளவு. 28 பிட் முகவரியே போதும் என்று ஒரு காலத்தில் முடிவெடுத்தீர்கள். அதனால் பழைய பயாஸுக்கு 137 ஜிபிக்கு மேல் உலகமே கிடையாது. 500 ஜிபிக்குக் காசு கொடுத்தவர் மிச்சத்தைக் கனவில் பார்த்துக்கொள்ளலாம். புதிய கணினியில் மாட்டினாலும் விண்டோஸ் காட்டுவது 465தான். டிஸ்க் கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது. விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது. எந்த டிஸ்கிலிருந்தும் எதுவும் திருடு போகவில்லை, ஆனாலும் 35 குறைகிறது. இந்தக் கணக்கை எங்கள் ரேஷன் கடைக்காரர் அறிந்தால் மகிழ்வார்.

மூன்றாவது, வழித்தடம். பழைய யூஎஸ்பி 1.1இன் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட். 40 ஜிபியை அனுப்ப ஏட்டுக் கணக்கிலேயே ஏழு மணி நேரத்துக்கு மேல். நடைமுறையில் ராத்திரி முழுக்கக் காவல் இருக்கவேண்டும். பென் டிரைவ் ஃபேட்32 கோப்பு முறையில் இருந்தால், 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றை வீடியோவை உள்ளே விடாது. நெட்வொர்க்கில் இணைக்கலாமென்றால், விண்டோஸ் எக்ஸ்பி பேசும் எஸ்எம்பி1 மொழியை 2017இன் பிற்பகுதியில் புதிய விண்டோஸ் 10 கைவிட்டது. அவ்வழியில்தான் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியது என்பதால் காரணம் நியாயமே. கதவைப் பூட்டியது சரி. மாற்று வழிக்கு ஒரு பலகையாவது வைத்திருக்கக் கூடாதா?

எல்லாம் தாண்டி டிஸ்கைப் புதிய கணினியில் மாட்டினால், சொந்தக்காரர் தன் போட்டோவைத் திறக்கும்போது 'அனுமதி மறுக்கப்பட்டது' என்கிறது என்டிஎஃப்எஸ் கோப்பு முறை. பழைய கணினியில் இருந்தவரும் புதியதில் இருப்பவரும் அதற்கு வேறு வேறு ஆட்கள். பெயர், கடவுச்சொல், முகம் எல்லாம் அதேதான். அடையாள எண்தான் வேறு. இதில் மட்டும் தாங்கள் எங்கள் தாலுகா அலுவலகத்துக்குச் சற்றும் சளைத்தவர்களல்லர்.

தமிழில் எழுதியவருக்குக் கூடுதல் சலுகை: யூனிகோடுக்கு முந்தைய கோப்பு பத்திரமாக வந்துசேரும், எழுத்துரு வராது. கடிதம் இருக்கும், படிக்க முடியாது.

எனவே தங்கள் சமூகத்துக்கு மூன்று கோரிக்கைகள்:

1. புதிய தரம் வெளியிடும் அன்றே, பழையதிலிருந்து வெளியேறும் வழியையும் எழுதி வெளியிடுக.
2. ஒரு வாசலை மூடுமுன் மாற்று வாசலைத் திரையிலேயே காட்டுக.
3. டிஸ்கின் அட்டையில் ஆயிரம், 1024 ஆகிய இரண்டு கணக்கையும் அச்சிடுக.

ஆவன செய்யும்படி பணிவன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பழைய கணினியைத் தூக்கிப் போட மனமில்லாத ஒருவர்.

நகல்: பழைய கணினி வைத்திருப்போர் அனைவருக்கும். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். டிஸ்க் ஓடும்போதே, ஐடிஇ, சாட்டா இரண்டையும் ஏற்கும் யூஎஸ்பி கன்வெர்ட்டர் வாங்கி, முக்கியமானவற்றை முதலில் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். அவற்றைத் திறந்து பார்த்த பிறகே பழைய டிஸ்கைக் கழற்றிப் போடுங்கள்.